ஹாப்ஸ்: வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து தொட்டிக்கும்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஒரு கொடியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒரு நிமிடம் பேசவில்லை. "சார், குடும்பத்தோட படிக்கிற மலர் சார்" என்றார். தாராளமாகக் குடும்பத்தோடு படிக்கலாம். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. பெண்கள் கையில் இருந்த ஒரு வீட்டுத் தொழில் எப்படிக் கைமாறிப் போயிற்று, அதில் ஒரு செடிக்கு என்ன பங்கு என்பதே இங்கே செய்தி. எனக்கும் இது மொட்டைமாடியில் இருந்த ஒரு தொட்டி சொல்லித்தான் தெரிந்தது.

பெங்களூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் ஆளுக்கு நாலு தொட்டி வைத்துக்கொள்ளலாம். எங்கள் தொட்டிகளில் கறிவேப்பிலை, துளசி, ஒரு கற்பூரவல்லி. நம்மவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கறிவேப்பிலைத் தொட்டிதான் முதலில் வரும், ரேஷன் கார்டு அப்புறம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதத்தில் எங்கள் தொட்டிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் வந்தது. அதிலிருந்து சொரசொரவென்று ஒரு கொடி கிளம்பிற்று. "என்னங்க இது, பாகக்கா கொடியா?" என்றாள் என் மனைவி. இலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஓரம் வெட்டுப்பட்டு, மூன்று பிரிவாக இருந்தது. ஆனால் பாகலுக்கு உள்ள பற்றுச்சுருள் இதில் இல்லை. தண்டே கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கையில் பட்டால் அரம் மாதிரி கீறுகிறது.

டிரம் மூன்றாம் மாடிப் பையனுடையது. கம்ப்யூட்டர் வேலை. லாஹௌலுக்கு மலையேறப் போன நண்பன் ஒருவன், அங்கே ஒரு விவசாயி கொடுத்த வேர்த்துண்டை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தானாம். "இது ஹாப்ஸ், அங்கிள். பீருக்குப் போடுவாங்க" என்றான். வைகாசி வந்தது. கொடி இடுப்பளவு வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. நகக்கண் அளவில் பத்துப் பதினைந்து பூ விட்டது, அதோடு சரி. "எரு போட்டேன், தண்ணி ஊத்தறேன், வெயிலும் இருக்கு. ஏன் அங்கிள் வளரமாட்டேங்குது?" என்று என்னிடம் வந்தான். வரலாறு படித்தவனிடம் தோட்டக்கேள்வி. ஆனால் பதில் பாதி வரலாற்றில்தான் இருந்தது.

கசப்பு வருமுன்

ஹாப்ஸ் கஞ்சாச் செடிக்குப் பங்காளி முறை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். போதை இதில் கிடையாது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வேண்டுவது பெண் செடியின் பூ மட்டும். காகிதச் செதில்களை அடுக்கிய சிறு கூம்பு போல இருக்கும். செதிலைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். லூபுலின் என்கிற அந்தத் தூளில்தான் கசப்பும் மணமும் உள்ளன. குளிர்காலத்தில் கொடி முழுக்கக் காய்ந்துபோகும், வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து வசந்தத்தில் துளிர்க்கும். நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஒரு சாண் வளரும் நாளும் உண்டு. நம் அவரைக்கொடி சுற்றும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் இது கயிற்றைச் சுற்றும். தெரியாமல் மாற்றிச் சுற்றிவிட்டால் பிரிந்து தொங்கும்.

பீர் என்றாலே ஹாப்ஸ் என்று இன்று ஆகிவிட்டது. தானியத்தை முளைகட்டிப் புளிக்க வைக்கும் வித்தையின் ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாற்றில், ஹாப்ஸ் கடைசியில் வந்து சேர்ந்த விருந்தாளி. நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பெரும்பாணாற்றுப்படை வீட்டிலே சமைத்த தோப்பிக் கள்ளைச் சொல்கிறது. அதே நூலில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் செய்முறையே இருக்கிறது. அரிசிக் களியைத் துழாவி ஆறவைத்து, முளைநெல்லால் ஆன அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. இரண்டு நாளில் ஆகிவிடும், அதே வேகத்தில் கெட்டும் போகும். கசப்பு மூலிகை எதுவும் அதில் இல்லை.

இங்கிலாந்திலும் நிலைமை இதுதான். அங்கே 'ஏல்' என்று பெயர். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட். சில நாட்களில் புளிப்பேறிவிடும். நம்ம கள் காலையில் இறக்கினால் பொழுது சாயுமுன் காடியாகிறதே, அதற்கு ஓரிரு நாள் கூடுதல் ஆயுள். கெடும் பண்டத்தைத் தூரம் கொண்டுபோக முடியாது, சேர்த்து வைத்து விற்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு தெருவிலும் யாராவது காய்ச்சியாக வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் பெண்தான். வீட்டுக்குக் காய்ச்சுவாள், மிஞ்சியதை விற்பாள். விற்க இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பை நீட்டி அதில் இலைக்கொத்தோ துடைப்பமோ கட்டித் தொங்கவிடுவாள். ஊர் அதிகாரி வந்து ருசி பார்த்து, அளவும் விலையும் சரியா என்று சோதிப்பார்.

அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியவந்த விதம் வேடிக்கை. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி காலத்தில் ரொட்டிக்கும் ஏலுக்கும் விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதை மீறியவர்கள் கட்டிய அபராதம் ஊர்மன்ற ஏடுகளில் பதிவாயிற்று. நாளடைவில் அந்த அபராதம் காய்ச்சுகிற எல்லோரும் கட்டும் வரி மாதிரி ஆகிவிட்டது. அந்த ஏடுகளைப் புரட்டினால் வரிசையாகப் பெண்கள் பெயர். கல்வெட்டில் கொடை கொடுத்தவர் பெயர் கிடைக்கும், இவர்களுக்கு அபராதத்தில் கிடைத்தது. ஜூடித் பென்னெட் என்ற வரலாற்றாசிரியர் இந்த ஏடுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். 1300 வாக்கில் பெண்கள் தொழிலாக இருந்தது 1600 வாக்கில் ஆண்கள் தொழிலாகிவிட்டது என்பது அவர் காட்டும் சித்திரம். இடையில் வந்ததுதான் ஹாப்ஸ்.

கடல் தாண்டி வந்த கொடி

ஐரோப்பாவின் உட்பகுதியில் ஹாப்ஸ் முன்பே பழக்கம். பிரான்சின் கோர்பி மடத்துத் தலைவர் அடலார்ட் 822இல் வகுத்த விதிகளில் ஹாப்ஸ் பேசப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் தம் மருத்துவ நூலில், இதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று எழுதினார், மனச்சோர்வு தரும் என்ற எச்சரிக்கையோடு. 1516இல் பவேரியாவில் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாதென்று சட்டமே வந்துவிட்டது.

கெடாமல் காப்பது எப்படி என்பது பிற்காலத்து வேதியியல் சொன்னது. ஹாப்ஸைப் பார்லிச் சாற்றில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிச் சாற்றில் கரைகின்றன. பாலைத் தயிராக்கும் கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள்தான் பானத்தையும் புளிக்கச் செய்பவை. அவற்றை இந்தக் கசப்பு வளரவிடாது. ஈஸ்டை ஒன்றும் செய்யாது. நன்மை செய்பவனை விட்டுவிட்டுக் கெடுப்பவனை மட்டும் தடுக்கிற காவல்காரன். மூலிகைகளில் இப்படி அமைவது அபூர்வம்.

இங்கிலாந்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஹாலந்து, ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள். முதலில் பீராகவே கப்பலில் வந்தது, பிறகு அவர்களே லண்டனில் குடியேறிக் காய்ச்சினார்கள். உள்ளூர் ஏல் வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. பீர் உடம்புக்குக் கெடுதல், அன்னியர் சரக்கு என்று பேச்சுக் கிளம்பிற்று. 1436இல் அரசரே தலையிட்டு, பீர் நல்ல பானம்தான், காய்ச்சுபவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று லண்டனில் பறைசாற்றச் செய்ய வேண்டியதாயிற்று. வந்தேறிகள் சமையல் நாறுகிறது என்ற பேச்சை நம்மில் சிலரும் ஒரு காலத்தில் கேட்டவர்கள்தாம், வாடகைக்கு வீடு தேடியபோது. கருவாடுதான் வேறே.

பேச்சு பேச்சாகவே போயிற்று, கணக்கு வேறுவிதமாகப் போயிற்று. 1574இல் கென்ட் மாவட்டத்துக்காரர் ரெஜினால்ட் ஸ்காட் ஹாப்ஸ் தோட்டம் போடுவது எப்படி என்று ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இந்தப் பயிருக்கு அதுதான் முதல் கையேடு. குழி எவ்வளவு ஆழம், கம்பு எவ்வளவு உயரம், கொடியை எப்படிக் கட்டுவது என்று மரவெட்டுப் படங்களோடு விளக்குகிறார். (இதே ஸ்காட்தான் பத்து ஆண்டு கழித்து, சூனியக்காரி என்று சொல்லிக் கிழவிகளைத் தண்டிப்பது மூடத்தனம் என்று வாதாடி இன்னொரு நூல் எழுதினார். எனக்குப் பிடித்தவர்.) அவர் தரும் கணக்கு இது: ஒரு புஷல் மால்ட்டில் சுமாரான ஏல் எட்டு ஒன்பது காலனுக்கு மேல் தேறாது, அதே மால்ட்டில் நல்ல பீர் பதினெட்டு இருபது காலன் எடுக்கலாம். ஏல் கெடாமல் இருக்க வேண்டுமானால் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும், தானியம் நிறையப் பிடிக்கும். ஹாப்ஸ் காவல் இருந்தால் நீர்க்கக் காய்ச்சினாலும் தாங்கும். பாதித் தானியத்தில் அதே அளவு சரக்கு.

இந்தக் கணக்கின் முன் அடுப்படிக் காய்ச்சல் எப்படி நிற்கும்? கெடாத சரக்கு என்றால் பெரிய அளவில் காய்ச்சலாம், பீப்பாயில் மாதக்கணக்கில் வைக்கலாம், அடுத்த ஊருக்கும் அடுத்த நாட்டுக்கும் அனுப்பலாம், படைக்கும் கப்பலுக்கும் மொத்தமாக விற்கலாம். அதற்குப் பெரிய செப்புக் கொப்பரை வேண்டும், விறகு வேண்டும், பீப்பாய் வேண்டும், சரக்கு விற்று முடியும்வரை முடங்கிக் கிடக்கும் முதல் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் எழுதவோ கடன் வாங்கவோ அன்றைய ஆங்கிலச் சட்டம் பொதுவாக இடம்கொடுக்கவில்லை. துடைப்பம் கட்டிய வாசல்கள் ஒவ்வொன்றாக மூடின. விதவைகள் சிலர் கணவரின் தொழிலைத் தொடர்ந்து நடத்தியதுண்டு. கிராமங்களில் இன்னும் சில தலைமுறை தாக்குப்பிடித்தது.

பழியை முழுக்கக் கொடியின் மேல் போடுவது நியாயமாகாது. 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகே, பிழைத்தவர்களின் கூலி உயர்ந்து, குடிப்பது கூடி, தொழில் பெருக ஆரம்பித்துவிட்டது. ஆண்களின் வணிகச் சங்கங்களும் கைவரிசை காட்டின. இருந்தாலும் கெடாத தன்மை என்ற ஒன்று வராமல் இருந்திருந்தால் அவ்வளவு பெரிய கொப்பரைக்குத் தேவையே இருந்திருக்காது என்பதுதான் என் எண்ணம். ஊறுகாயும் அப்பளமும் நம் பாட்டிகளின் கையிலிருந்து கம்பெனி பாட்டிலுக்கும் பாக்கெட்டுக்கும் போனதை நம் கண்ணெதிரேயே பார்த்தோம். அவை மட்டும் போய், தோசை மாவு ஏன் வெகுகாலம் வீட்டிலேயே தங்கியது? அது புளிக்கும், வைத்து விற்க முடியாது. குளிர்பெட்டி வந்த பிறகுதான் மாவுப் பாக்கெட் கடைக்கு வந்தது.

பயிர் பெருகிய பின் கஜானா சும்மா இருக்குமா. 1710இல் சட்டம் வந்து ஹாப்ஸுக்குப் பவுண்டுக்கு ஒரு பென்னி வரி விழுந்தது. விற்பனைக்கான பீரில் வேறு கசப்புப் பொருள் சேர்ப்பதும் தடை. 1862 வரை அந்த வரி இருந்தது. கென்ட் மாவட்டம் கம்பும் கம்பியுமாக மாறிற்று, பூவை உலர்த்தக் கூம்புக்கூரை வைத்த சூளைவீடுகள் எழுந்தன. அறுவடைக்கு ஆள் போதாமல் லண்டன் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கொட்டகையில் தங்கிப் பூப்பறிக்கும். அதிலும் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். காய்ச்சிய பெண்ணின் வழிவந்தவள் கூடைக்கூலிக்குப் பூப்பறிக்க வந்தாள். ஜார்ஜ் ஆர்வெல் 1931இல் இவர்களோடு சேர்ந்து பறித்துப் பார்த்து, கை கிழிந்ததையும் கூலி போதாததையும் எழுதி வைத்திருக்கிறார். 1950-60களில் பறிக்கும் இயந்திரம் பரவியதோடு அந்த யாத்திரை நின்றது.

நம் நாட்டில்

கெடாத பீர் இந்தியா வராமல் இருக்குமா? கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் லண்டன் துறையிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பீர் ஏற்றிவந்தன. துறைக்குப் பக்கத்தில் 'போ' என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணைக் கடனில் சரக்குக் கொடுத்து அவர் இந்தியச் சந்தையைப் பிடித்தார். 1820களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் போட்டிக்கு வந்தன. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அந்த வழியில் வந்தது. ஹாட்ஜ்சன் இந்தியப் பயணத்துக்கென்றே இதைக் 'கண்டுபிடித்தார்' என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது சரியல்ல. வெப்பநாட்டுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸ் கூட்டிப் போட வேண்டும் என்பது அதற்கு முன்பே 18ஆம் நூற்றாண்டில் தெரிந்த சங்கதி. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் நன்றாகவே வந்து சேர்ந்தது.

பிறகு இங்கேயே காய்ச்சத் தொடங்கினார்கள். குளிர் வேண்டும் என்பதால் மலை தேடினார்கள். கசௌலியில் எட்வர்ட் டயர் ஆலை வைத்தார், 1860இல் மரியிலும் ஆலை வந்தது. இந்த எட்வர்ட் டயருக்கு மரியில் 1864இல் பிறந்த மகன்தான் ஜாலியன்வாலாபாக் டயர். தெற்கே நீலகிரியில் ஆலைகள் இருந்தன. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரியின் காசில் ஆலை உட்படத் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புருவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பெங்களூர்த் தமிழர்களில் அந்த நிறுவனத்தின் பெயர் தெரியாதவர் இருக்க மாட்டார்கள், குடிக்காதவர் உட்பட.

பார்லி இங்கே விளையும். ஹாப்ஸ்தான் விளையாது, சீமையிலிருந்து வரவேண்டும். ஆகவே காஷ்மீரில் முயன்றார்கள். சோப்பூருக்குக் கீழே தூப்காம் என்ற இடத்தில் சமஸ்தானத்தின் ஹாப்ஸ் தோட்டம் இருந்ததை வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட தம் காஷ்மீர் நூலில் குறித்திருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் 1970களில் ஹிமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விவசாயிகள் உருளைக்கிழங்கோடு இதையும் பயிரிட்டார்கள். மழைமறைவுப் பிரதேசம் என்பதால் சாம்பல்நோய், பூஞ்சைத் தொல்லை குறைவு. ஆலைகள் வாங்கின. ரோதாங் கணவாய் அடைபட்டால் பாதி ஆண்டு வெளியுலகமே கிடையாது என்றிருந்த ஊருக்கு, உலர்த்தி வைத்து விற்கக்கூடிய பயிர் ஒரு வரப்பிரசாதம். பிறகு கசப்புச் சத்து அதிகமுள்ள வெளிநாட்டு ஹாப்ஸ், குளிகையாக அழுத்தி அடைக்கப்பட்டு, மலிவாக வந்து இறங்கியது. பரப்பு சுருங்கிற்று. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்து வழி சுலபமான பின்பு அங்கே காய்கறியும் பூவும் பிரபலம். வரப்போரம் மிச்சமிருந்த கொடி ஒன்றின் வேர்த்துண்டுதான் எங்கள் மொட்டைமாடிக்கு வந்தது.

தொட்டியில்

கொடியை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தது சட்டம். பிரிட்டனில் 1880இலிருந்து வீட்டில் காய்ச்சக்கூட உரிமம் எடுக்க வேண்டும். 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுக் காய்ச்சலுக்கு வரிவிலக்கு அளித்தது. வீட்டில் காய்ச்சியவர்கள் தொட்டியில் ஹாப்ஸும் வளர்க்கத் தலைப்பட்டார்கள். தோட்டத்தில் ஆறு மீட்டர் கம்பி ஏறும் கொடி பால்கனிக்கு ஒத்துவராது. இங்கிலாந்தின் வை கல்லூரியில் உருவாக்கிய 'ஃபர்ஸ்ட் கோல்ட்' போன்ற குட்டை ரகங்கள் 1990களில் வந்தபின் அந்தக் கவலையும் குறைந்தது.

நம் நாட்டில் செடி வளர்க்கத் தடையில்லை. உரிமமில்லாமல் காய்ச்சினால் ஆயத்தீர்வைச் சட்டம் பிடிக்கும். பையனிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். "தெரியும் அங்கிள், சும்மா வளத்துப் பாக்கத்தான்" என்றான். சரி என்று இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

தொட்டி விஷயத்தில் அவன் தவறவில்லை. வேர் ஆழம் தேடும் செடி, ஐம்பது லிட்டருக்குக் குறைந்த தொட்டி ஆகாது. அடியில் துளை தாராளமாக வேண்டும், வேர் ஊறினால் அழுகும், காய்ந்தாலோ இலை ஓரம் கருகும். வேர்த்துண்டை மொட்டு மேல்நோக்கி ஓரிரு அங்குல ஆழத்தில் வைக்க வேண்டும். கிளம்புகிற தளிர்களில் ஒரு கயிற்றுக்கு இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். அசுவினியும் சிவப்புச் சிலந்தியும் இலையடியில் வரும். தொட்டிச் செடியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிளப்பி வேரைக் கத்தரித்துப் புதுமண் இட வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் பூ எட்டாதபடி பார்த்துக்கொள்ளவும். நாய் தின்றால் உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் ஏன் வளரவில்லை? குளிர் போதவில்லை என்று நான் நினைத்தேன், பழைய புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன. 2019இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வு, குளிர் உறக்கம் இல்லாமலே ஹாப்ஸ் நன்றாகப் பூக்கும் என்று காட்டிவிட்டது. குறை பகலில் இருக்கிறது. பகல் நீண்டிருக்கும்வரை இந்தக் கொடி வளர்ந்துகொண்டே போகும், பகல் ஓர் அளவுக்குக் கீழே குறுகியதும் வளர்ச்சியை நிறுத்திப் பூக்கும். கென்ட்டில் கோடையின் நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். லாஹௌலில் 14க்குச் சற்று மேல், தகுந்த ரகம் அமைந்தால் போதும். பெங்களூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. ஆக, இங்கே நட்ட நாளிலிருந்தே கொடிக்குப் புரட்டாசி நடக்கிறது. இடுப்பளவில் வயதாகி, அவசரமாகப் பூத்துவிட்டு நின்றுவிடுகிறது. காஷ்மீருக்கும் லாஹௌலுக்கும் போனவர்கள் ஊட்டியில் ஏன் பெரிதாகப் பயிரிடவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஊட்டியில் குளிர் உண்டு. பகல் பெங்களூரைவிடவும் கொஞ்சம் குட்டை.

தென்னாப்பிரிக்காவில் ஜார்ஜ் என்ற ஊர்ப்பக்கம் இதே சிக்கலைத் தோட்டங்களில் இரவில் மின்விளக்கு எரித்துச் சமாளித்தார்கள், பிற்பாடு குறும்பகலுக்கேற்ற ரகங்களையே உருவாக்கிக்கொண்டார்கள். பையன் இதைப் படித்ததும் மறு மாசியில் டிரம்முக்கு மேலே ஒரு எல்இடி விளக்கைக் கட்டினான். மாலை ஆறிலிருந்து பத்து மணி வரை எரியும். கரண்ட் பில் யார் கணக்கு என்று சங்கக் கூட்டத்தில் ஒரு விசாரணை நடந்தது, அது தனிக்கதை. கொடி இடுப்பைத் தாண்டியது, கைப்பிடிச் சுவரைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏணியைப் பிடித்து மேலே போயிற்று. ஆனி முடிந்ததும் விளக்கை நிறுத்தினோம். ஆடிக் காற்றில் இரண்டு தண்டு முறிந்தது. ஆவணியில் பூத்தது, இந்தமுறை கட்டைவிரல் பருமனில்.

பழுத்த பூவை அழுத்தினால் ஈரமாக நசுங்காமல் காகிதம் போல் சரசரத்துத் திரும்பி எழும்ப வேண்டும், உள்ளே தூள் நன்றாக மஞ்சளாக இருக்க வேண்டும். அதுதான் பறிக்கும் பதம். பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வெயிலில் வைத்தால் மணம் போய்விடும் என்று நிழலில், மின்விசிறிக்கு அடியில், என் மனைவிதான் நெல்லிக்காய் வற்றல் போடும் முறத்தில் பரப்பினாள். ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்து, "நாரத்தை இலையும் புல்லும் கலந்தாப்பல இருக்கு" என்றாள். நாக்கில் வைத்துவிட்டு ஓடிப்போய் வாய் கொப்பளித்தாள். ஐரோப்பாவில் இதைத் தலையணையில் அடைத்துத் தூங்குவார்கள் என்று சொன்னேன். "அப்போ பாதி எனக்கு" என்று பையனிடம் பாகம் கேட்டாள்.

மூன்று நாள் கழித்துச் சமையலறைத் தராசில் நிறுத்தோம். 38 பூ, 6 கிராம். இருபது லிட்டருக்குக் காய்ச்சுவதென்றால் குறைந்தது முப்பது கிராமாவது ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பையன் சிரித்தான். பூ இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. வேரைக் கிளப்பிக் கத்தரித்து வைத்திருக்கிறோம். வரும் மாசிக்கு இரண்டு டிரம் என்று பேச்சு. இடத்துக்குக் கற்பூரவல்லியைக் கீழே கொண்டுபோக வேண்டும்.